நல்லமுத்து அண்ணன் ஊற்றிய எண்ணெய்

நல்லமுத்து அண்ணனைப் பதினாறு வருடமாகத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவே இப்போது கூச்சமாக இருக்கிறது. டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய சந்தில், ஷேக் அலாவுதீன் முதலாளியின் கடையில் நான் நிற்கிறேன். எண்ணெய், ஃபில்டர், பெல்ட், கிரீஸ் எல்லாம் விற்போம். என் பெயர் சுபாஷினி. பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி இந்தத் தீவுக்கு வருகிறேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். அதற்காக நான் வெட்கப்படுவதில்லை. வெட்கப்பட வேறொன்று இருக்கிறது.

எஞ்சின் ஆயிலை இங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் மிஞ்ஞாக் ஹீத்தாம் என்றுதான் கேட்பார்கள். ஒரு டப்பா குடு என்று கேட்டதும் நான் எடுத்துக் கொடுத்துவிட மாட்டேன். காரா, லாரியா, டிராக்டரா என்பேன். டிராக்டர் என்றால் எந்த வருடத்து வண்டி, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறதா என்று அடுக்குவேன். எண்ணெய் வாங்க வந்தேனா, பொண்ணு பார்க்க வந்தேனா என்று ஒருவர் கேட்டே விட்டார். கேட்டால் கேட்கட்டும். பழைய சின்ன டிராக்டர் கனமான எண்ணெய் எதை ஊற்றினாலும் ஓடும். புதுசு அப்படியில்லை. அதற்கு 15டபிள்யூ-40 போல இளகலாக, எரிந்தால் சாம்பல் அதிகம் விடாத ரகம் வேண்டும். டப்பாவின் முன்பக்கம் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும்.

இத்தனையும் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பேன். தெரிந்த முகம் வந்தால் கேட்க மாட்டேன். தெரிந்தவரிடம் போய் விசாரிப்பது மரியாதை இல்லை என்று ஒரு நினைப்பு.

நல்லமுத்து அண்ணன் தீவில் இருக்கும் பள்ளிக்கூடத் திடல்களில் புல் வெட்டுகிறவர். புவனேஸ்வரன் என்பவர் அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். அவரிடம் ஐந்து ஆட்கள். நான்கு பேர் தோளில் மாட்டும் மிஷினோடு நடந்து வெட்டுவார்கள். அண்ணன் மட்டும் டிராக்டரில் உட்கார்ந்து, பின்னால் பூட்டிய வெட்டுத்தட்டை இழுத்துக்கொண்டு திடலைச் சுற்றுவார்.

முன்பு அவரும் தோள் மிஷின்தான் மாட்டினார். ஒருநாள் புல்லுக்குள் கிடந்த கம்பியில் பிளேடு பட்டு உடைந்து, அதில் ஒரு துண்டு அவருடைய வலது முட்டிக்குள் இறங்கிவிட்டது. மூன்று தடவை கீறித் தைத்தார்கள். முட்டி பாதிதான் மடங்கும். உட்கார்ந்து பெடலை மிதிக்கலாம். கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் நடந்தால் கால் பானை மாதிரி வீங்கிவிடும். புவனேஸ்வரன் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, அவரை அதில் ஏற்றி உட்கார வைத்தார். ஐம்பத்தேழு வயதில், அந்தக் காலோடு, வேறு எந்த வேலைக்கு அவரைக் கூப்பிடப் போகிறார்கள்? அந்த சீட்டு போனால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புவனேஸ்வரனிடம் மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. ஒரே நாளில் தோள் மிஷின்காரர்கள் ஒரு திடலிலும் டிராக்டர் வேறொரு திடலிலுமாக ஐந்து பள்ளிக்கூடம் வெட்டினால் அவர் எங்கே போய்ப் பார்ப்பார்? சாயங்காலம் ஒவ்வொருவரும் போன் போட்டுச் சொல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன் கல்லைப் பொறுக்கினேன், வலை கட்டினேன், பிள்ளைகள் வகுப்புக்குள் இருந்தார்கள் என்று. அவர்கள் வாயால் சொல்வதுதான் கணக்கு. வேகமாகச் சுற்றும் தகட்டில் ஒரு கல் பட்டால் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை அண்ணன் வெட்டும்போது கல் பறந்து ஒரு டீச்சருடைய காரின் கண்ணாடியில் பட்டுவிட்டது. பார்த்தவர் யாரும் இல்லை. அண்ணனே டீச்சரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு, புவனேஸ்வரனுக்கும் போன் போட்டார். அதற்கப்புறம் மற்ற ஆட்கள் சொன்னதை ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கும் புவனேஸ்வரன், நல்லமுத்து சொன்னால் மறுபேச்சு பேச மாட்டார்.

அண்ணனிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு டிராக்டருக்குத் தன் கையால் எண்ணெய் மாற்றுவார். முதலாளி காசில் இல்லை, தன் காசில். முதல் நாள் சாயங்காலம் கடைக்கு வந்து ஐந்து லிட்டர் டப்பா ஒன்று, ஒரு லிட்டர் டப்பா ஒன்று வாங்கிப் போவார். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எண்ணெய் டப்பாவுக்கும் பொட்டு வைத்துப் படைப்பார். தேங்காய் உடைத்த பிறகு பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதுசை ஊற்றுவார். தீபாவளிக்கு நமக்குப் புதுத்துணி மாதிரி ஆயுத பூஜைக்கு அதுக்கு மிஞ்ஞாக் ஹீத்தாம் என்பார். எப்போதும் ஒரே எண்ணெய்தான். கனமான, ஒற்றை நாற்பது நம்பர் எண்ணெய். அந்தப் பழைய வண்டிக்கு அதுவே சரி.

போன வருடம் ஜூன் மாதம் புது டிராக்டர் வந்தது. அண்ணன் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். போனில் படம் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று நின்றது. நான் லட்டைத் தின்றுகொண்டே படத்தைப் பார்த்தேன். புது வண்டி என்று எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. பார்த்தேன், நல்லா இருக்கு அண்ணே என்றும் சொன்னேன்.

அக்டோபரில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடையில் கூட்டம். அண்ணன் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று, வழக்கமானது தங்கச்சி என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை நாற்பது நம்பர் டப்பாவை எடுத்து வைத்துவிட்டது. ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்நியன் ஒருவனாக இருந்திருந்தால் ஒன்பது கேள்வி கேட்டிருப்பேன். மறுநாள் அண்ணன் பூஜை போட்டு, மெக்கானிக் இக்மல் முதல் சர்வீஸில் ஊற்றி வைத்திருந்த சரியான எண்ணெயை, மூன்று மாதம்கூட ஆகாததை, பயபக்தியாக இறக்கிக் கீழே விட்டுவிட்டு நான் கொடுத்ததை ஊற்றினார்.

அதோடு போயிருந்தால்கூட நான் என் மனதைத் தேற்றிக்கொள்வேன். தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் அண்ணன் கிரீஸ் வாங்க வந்தார். எனக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிற வேண்டுதல். அரைநாள் லீவு கேட்டிருந்தேன். பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற அவசரம். அப்போதுதான் அவர் பெருமையாகச் சொன்னார்.

"தங்கச்சி, புது வண்டி எண்ணெயே குடிக்கல லா. அளவுக் குச்சியை எடுத்துப் பாத்தா கோட்டுக்கு மேல ஏறி நிக்குது."

எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், கூடினால் ஆபத்து. தானாக எண்ணெய் ஊறாது. டீசல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பதினாறு வருடம் இந்தக் கல்லாவில் நிற்கிறவளுக்கு இது தெரியாதா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு நான் சொன்னது, நல்ல வண்டி அண்ணே, ராசியான வண்டி. சொல்லிவிட்டு ஃபெர்ரியைப் பிடிக்க ஓடினேன். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச்சில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு பள்ளித் திடலில், பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இக்மல்தான் பிரித்துப் பார்த்தவர். பெயரிங் வாங்க கடைக்கு வந்தபோது எனக்கு விளக்கிச் சொன்னார். அந்தப் பழைய ரக எண்ணெயின் சாம்பல் கரி வடிகட்டியை அடைத்திருக்கிறது. அடைப்பை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி தானாகவே டீசலைக் கூடுதலாக ஊற்றியிருக்கிறது. எரியாத டீசல் எண்ணெயோடு கலந்து, எண்ணெய் ரசம் மாதிரி ஆகி, பெயரிங்கைத் தின்றுவிட்டது. புவனேஸ்வரனின் பட்டறை மூலையில் நாற்பது நம்பர் டப்பா கிடந்ததாம், குங்குமப் பொட்டோடு. எந்த மடையன் இதைக் கொடுத்தான் தெரியவில்லை என்று இக்மல் மலாயில் திட்டினார். பெயரிங்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு முன் ஒருவருக்கு கியர் எண்ணெய்க்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துவிட்டேன். அவர் கடையில் வந்து கத்தினார். ஷேக் அலாவுதீன் முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனால் கடைப் பேர் கெட்டால் அவருக்குத் தாங்காது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் நீ ஃபெர்ரி ஏற வேண்டியதில்லை என்று எல்லார் முன்னிலும் சொன்னார். அன்றைக்கு நல்லமுத்து அண்ணனும் கல்லாவுக்கு முன்னால் நின்றிருந்தார். என் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வருகிறது. மகன் ஷர்வின் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும்.

இக்மல் வந்து போன நான்காம் நாள் அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. கடை முன்னால் தூண் வைத்த ஐந்தடிப் பாதையில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவர் திட்டவில்லை. பாஸ் கேட்டாரு, சொல்லிட்டேன் என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கடையில அந்தப் பொண்ணு இது வேணாம்னு சொல்லுச்சு, நான்தான் கேக்காம வாங்கி ஊத்திட்டேன்னு சொன்னேன். இல்லன்னா பாஸ் நேரா உன் முதலாளிகிட்ட வந்து சண்டை போட்டிருப்பாரு. நீ ஒண்ணும் பேசாத, சரியா?"

நான் சண்டை போட்டேன். உங்களை யார் பொய் சொல்லச் சொன்னது என்று ஏறினேன். அவர் சிரித்தார். புவனேஸ்வரன் அரை மணி நேரம் வாய்க்கு வந்தபடி ஏசினாராம். கடைசியில், இருபது வருஷத்துல ஒரு தப்பு, போய்த் தொலை என்று விட்டுவிட்டாராம். எஞ்சின் தயாராக மூன்று வாரம் ஆகும். அதுவரை அண்ணன் பட்டறையில் உட்கார்ந்து பிளேடு தீட்டுவார். வண்டி வந்ததும் மறுபடி அவர்தான் ஓட்டுவார். எல்லாம் முடிஞ்சு போச்சு தங்கச்சி என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போனார்.

முடிந்து போயிற்று என்று நானும் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. என் தப்புக்கு இன்னொருவர் ஏச்சு வாங்கிவிட்டு, அதோடு எனக்கு நல்ல பேரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த நல்ல பேர் எனக்கு உடம்பில் முள் குத்தின மாதிரி இருந்தது. அண்ணன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. நான் கேட்டேனா இதை?

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில் புவனேஸ்வரனே கடைக்கு வந்தார், அண்ணனையும் கூட்டிக்கொண்டு. எஞ்சின் தயார், திங்கட்கிழமை வண்டியை இறக்கப் போகிறோம், சரியான எண்ணெய் வேண்டும் என்றார். ஷேக் அலாவுதீன் முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கதவருகே நின்று பெல்ட்டுகளை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாம்பல் குறைந்த 15டபிள்யூ-40 டப்பாவை எடுத்து, பின்பக்க எழுத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்து, மேசையில் வைத்தேன். அதோடு போயிருக்க வேண்டும்.

புவனேஸ்வரன் அதோடு விடவில்லை. முதலாளியைப் பார்த்து, உங்க கடைப் பொண்ணுக்கு நல்ல மூளை பாய் என்றார். அன்றைக்கே இது ஆகாது என்று சொல்லியிருக்கிறது, எங்கள் கிழவனுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை, சாமி கும்பிட்டு சாமி கும்பிட்டு எஞ்சினைக் கொன்றுவிட்டான் என்று சொல்லிச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பிப் பெருமையாகத் தலையாட்டினார்.

"நான் அப்படி ஒண்ணும் சொல்லல பாஸ்," என்றேன். "அண்ணே கேட்டாரு, நான் எடுத்துக் குடுத்தேன். என்ன வண்டின்னுகூட கேக்கல. எண்ணெய் மேல ஏறுதுன்னு ஜனவரியில வந்து சொன்னாரு, அதையும் நான் காதுல வாங்கல. அவர் மேல தப்பே இல்ல."

அண்ணன் கதவருகிலிருந்து தங்கச்சி, தங்கச்சி என்று இரண்டு தடவை சொன்னார். நான் நிறுத்தவில்லை. ஆரம்பித்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டி முடித்தேன். சொல்லி முடித்ததும், என்ன சொல்ல, எனக்கு மூச்சு லேசாக வந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக. அதுதான் உண்மை, மறைக்கப் போவதில்லை.

ஷேக் அலாவுதீன் முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்துவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் புவனேஸ்வரனிடம், எங்கள் கடைத் தப்பு, மன்னிக்கணும், எஞ்சின் செலவில் என் பங்கை நான் தருகிறேன் என்றார். என்னிடம் ஒரே வார்த்தைதான். உண்மையைச் சொன்னாயே, போய் வேலையைப் பார் என்றார். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

புவனேஸ்வரன் என்னையும் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தது வேறு. தப்பு அண்ணன் மேல் இல்லை என்று தெரிந்ததும் அவர் தோளில் கை போடுவார், ஏசியதற்கு வருத்தப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப என்கிட்ட சொன்னது பொய்," என்றார். "எண்ணெய் மாத்தி ஊத்தினதுக்கு நான் ஒண்ணும் பண்ணல நல்லமுத்து. எஞ்சின் போச்சு, இன்னொண்ணு வாங்கலாம். நீ சாயங்காலம் போன்ல சொல்றத நம்பித்தான்டா நான் பிள்ளைங்க நடமாடுற இடத்துல மெஷின விடுறேன். இத்தனை வருஷத்துல எது நெசம், எது பொய்னு இனிமே நான் எங்க போய்க் கேப்பேன்?"

அது எனக்காகச் சொன்ன பொய், என் வேலை போய்விடக் கூடாது என்று சொன்னது, மனுஷனுக்கு இரக்கம் வந்தால் சொல்லக்கூடிய பொய்தானே என்று நான் குறுக்கே விழுந்தேன். யாருக்காகச் சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னான் என்றார் புவனேஸ்வரன். சத்தம் போட்டால்கூட நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. கையை நீட்டினார். அண்ணன் கால்சட்டைப் பையிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். வண்டி இல்லாத மூன்று வாரமும் அந்தச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்திருக்கிறார்.

வேலையை விட்டு எடுக்கவில்லை என்று புவனேஸ்வரன் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து மற்றவர்களோடு சேர்ந்து தோள் மிஷின் மாட்டலாம், வண்டியை அவர்களில் ஒருவன் ஓட்டுவான், மீதி மூன்று பேர் இவன்கூட இருப்பார்கள், இவன் வார்த்தை ஒன்றை மட்டும் நம்ப வேண்டியதில்லை. முடியாவிட்டால் வீட்டில் இருக்கட்டும். அந்தக் காலைப் பற்றி யாரும் பேசவில்லை. புவனேஸ்வரனுக்குத் தெரியாததா? எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார்.

நான் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினேன். அண்ணன் ஐந்தடிப் பாதையின் தூணைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை முதலில் கீழே வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். நான் பாஸிடம் வந்து பேசுகிறேன் அண்ணே, காலில் விழுந்தாவது கேட்கிறேன் என்றேன். அழுதுவிட்டேன். அவர் லாரியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. விளங்காத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"பாஸ் என்னை அப்பவே மன்னிச்சிட்டாரே தங்கச்சி. திங்கட்கிழமை வண்டியில ஏறியிருப்பேன். நீ சும்மா இருந்திருக்கலாம்ல?"

லாரி ஹாரன் அடித்தது. முன்சீட்டில் இடம் இருந்தும் அவர் பின்னால் போய், தோள் மிஷின்களுக்கு நடுவில் ஏற முயன்றார். முதல் தடவை கால் ஏறவில்லை.